அரசாங்கம் சார்ந்த ஆங்கிலப் பெயரடைகள்: திருகோணமலையில் அலுவலகக் கடிதம் எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கச்சேரி எனும் மாவட்டச் செயலகத்திலோ மாகாணத் திணைக்களத்திலோ புதிதாக நியமனம் பெற்று வருபவர்களில் பலருக்கு ஆங்கில இலக்கணம் ஓரளவு கைவந்திருக்கும். வாக்கியம் அமைக்கத் தெரியும், காலமும் சரியாக வரும். ஆனாலும் கடிதம் திரும்பி வரும். பெரும்பாலும் சிக்கல் பெயரடையில் இருக்கும். 'ப்ரொவின்ஷியல்' வர வேண்டிய இடத்தில் 'ரீஜனல்', 'கவர்ன்மென்ட்' வர வேண்டிய இடத்தில் 'கவர்ன்மென்டல்', முன்னாள் தவிசாளரைக் குறிக்கும் இடத்தில் காலமானவருக்கு உரிய சொல். இவை மொழி அழகு பற்றிய பிழைகள் அல்ல. கடிதம் வேறு அலுவலகத்துக்குப் போய்விடும், காணி விண்ணப்பம் மாதக்கணக்கில் மேசை மாறிக்கொண்டே இருக்கும்.

கீழே உள்ள ஒழுங்கு முக்கியம். சொல்லை முதலில் தேடினால் அகராதி ஐந்து சொற்களைக் காட்டும், எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அமைப்பை முதலில் கண்டுபிடித்தால் சொல் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருள்கள் போதும். முதலாவது, நீங்கள் எழுதும் விடயம் சம்பந்தமான ஏதாவது ஒரு வர்த்தமானி அல்லது சுற்றறிக்கை, தமிழிலும் ஆங்கிலத்திலும். நம் நாட்டில் அரச ஆவணங்கள் மும்மொழியில் வருவது பெரிய வசதி. தமிழ்ப் பிரதியில் ஒரு சொல்லைத் தொட்டு, ஆங்கிலப் பிரதியில் அதே பந்தியைப் பார்த்தால் எந்த அகராதியும் தராத விடை கிடைக்கும்.

இரண்டாவது, பெயர்ப்பலகைகளும் கடிதத் தலைப்புகளும். திருகோணமலை நகரில் ஒரு சுற்று நடந்தால் மும்மொழிப் பலகைகள் எத்தனையோ கண்ணில் படும். உங்களுக்கு அடிக்கடி வேலை வரும் அலுவலகங்களின் தமிழ், ஆங்கிலப் பெயர்களை ஒரு கொப்பியில் அப்படியே எழுதி வையுங்கள். நிறுவனப் பெயரை நாமாக மொழிபெயர்க்கக் கூடாது. அது ஏற்கெனவே சட்டத்தால் வைக்கப்பட்ட பெயர்.

மூன்றாவது, உதாரண வாக்கியங்கள் தரும் நல்ல ஆங்கில - ஆங்கில அகராதி. தமிழ்ப் பொருள் மட்டும் தரும் அகராதி இந்த வேலைக்குப் போதாது. அது 'பொலிட்டிக்கல்', 'பொலிட்டிக்' இரண்டுக்கும் அரசியல் என்றே போட்டுவிட்டுப் போய்விடும். இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். எழுத்துக்கூட்டலை ஒருமுறை அந்த அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2. எந்த அடுக்கு என்று முதலில் தீர்மானியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் படி இதுதான். ஆகவே இதில் நேரம் எடுத்துப் போவோம்.

திருகோணமலை ஒரு மாவட்டத்தின் தலைநகர், கிழக்கு மாகாணத்தின் நிர்வாகத் தலைநகரும்கூட. ஆளுநர் அலுவலகமும் பிரதம செயலாளர் அலுவலகமும் இங்கேதான். அதனால் ஒரே நகரத்துக்குள் மத்திய அரசின் அலுவலகம், மாகாணத்தின் அலுவலகம், உள்ளூராட்சி மன்றத்தின் அலுவலகம் என்று எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மூன்றையும் சனங்கள் 'அரசாங்க ஒபிஸ்' என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலக் கடிதத்தில் அப்படி ஒன்றாகச் சேர்க்க முடியாது.

நாடு முழுவதையும் சார்ந்ததற்கு 'நெஷனல்'. மாகாணத்துக்கு எதிரான பொருளில், கொழும்பில் உள்ள அரசைக் குறிக்க 'சென்ட்ரல்'. தேசிய பாடசாலை என்றால் 'நெஷனல் ஸ்கூல்', அது மத்திய கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. மற்றவை மாகாணப் பாடசாலைகள், 'ப்ரொவின்ஷியல் ஸ்கூல்ஸ்'. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மத்திய கல்லூரி என்று பெயர் கொண்ட பாடசாலைகளின் ஆங்கிலப் பெயரில் 'சென்ட்ரல்' வரும். அது பெயரின் பகுதி மட்டுமே. பெயரைப் பார்த்து அது மத்திய அரசின் பாடசாலை என்று முடிவுகட்ட முடியாது.

மாகாணத்துக்கு 'ப்ரொவின்ஷியல்'. மாவட்டத்துக்கு 'டிஸ்ட்ரிக்ட்'. இது பெயர்ச்சொல்லே பெயரடையாக நிற்பது, இதற்கு வேறு வால் ஒட்ட வேண்டாம். 'டிஸ்ட்ரிக்ட் செக்ரட்டேரியட்' என்றால் மாவட்டச் செயலகம், நம் வாயில் கச்சேரி.

இனி 'பிரதேச' என்ற சொல். இதுதான் எல்லாரையும் விழுத்தும். பிரதேச செயலகம் ஆங்கிலத்தில் 'டிவிஷனல் செக்ரட்டேரியட்'. திருகோணமலை மாவட்டத்தில் இப்படி 11 பிரிவுகள் உள்ளன. பிரதேச சபையோ ஆங்கிலத்திலும் 'பிரதேஷிய சபா' தான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமே அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே முன்சொல் இருப்பதால் 'டிவிஷனல் கவுன்சில்' என்றும் 'ரீஜனல் கவுன்சில்' என்றும் எழுதிவிடுகிறார்கள். அப்படி ஒரு சபை நம் மாவட்டத்தில் இல்லை. செயலகம் மத்திய நிர்வாகத்தின் கை, சபை மக்கள் தெரிவுசெய்யும் மன்றம். மூதூரிலோ குச்சவெளியிலோ இரண்டும் உண்டு, வேலைகள் வேறு வேறு. வதிவிடச் சான்றிதழ் சம்பந்தமான கடிதம் சபைக்குப் போனால் பயனில்லை, வீதி விளக்கு சம்பந்தமான கடிதம் செயலகத்துக்குப் போனாலும் பயனில்லை.

கல்வியிலும் சுகாதாரத்திலும் அடுக்குகளின் பெயர் மாறும். வலயக் கல்வி அலுவலகம் 'சோனல்'. கோட்டக் கல்வி அலுவலகம் 'டிவிஷனல்'. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் 'ரீஜனல் டிரெக்டர்'. அதாவது 'டிவிஷனல்' என்பது பொது நிர்வாகத்தில் பிரதேசம், கல்வியில் கோட்டம். 'ரீஜனல்' என்றால் பிராந்தியம். இந்தச் சொற்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடவே முடியாது. பொருள் நெருக்கமாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதவு.

கடைசி அடுக்கு உள்ளூராட்சி. பொதுப்பெயர் 'லோக்கல்': 'லோக்கல் கவர்ன்மென்ட்', 'லோக்கல் அதோரிட்டி'. அதற்குள் மாநகர சபைக்கு மட்டும் 'முனிசிபல்', நகர சபைக்கு 'அர்பன்'. மட்டக்களப்பு மாநகர சபை 'முனிசிபல் கவுன்சில்', கிண்ணியா நகர சபை 'அர்பன் கவுன்சில்'. வெளிநாட்டு ஆங்கிலத்தில் 'முனிசிபல்' எந்த ஊராட்சிக்கும் பொதுவாக வரும். இங்கே அது ஒரு சட்டத் தகுதி, சும்மா சூட்ட முடியாது. மேயரும் மாநகர சபைக்குத்தான். நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் தவிசாளர். எனவே 'மேயரல்' என்ற பெயரடையையும் அளந்து பாவியுங்கள்.

அடுக்கு பிடிபடவில்லையா? அந்த விடயத்துக்குக் காசு ஒதுக்குவது யார், கையொப்பம் இடுவது யார் என்று கேளுங்கள். வீதிகளை எடுங்கள். திருகோணமலைக்கு வரும் ஏ-6, ஏ-12, ஏ-15 மூன்றும் தேசிய வீதிகள், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தரத்து வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஊருக்குள் போகும் ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றத்துக்கு. ஒரே சந்தியில் நின்றுகொண்டு 'நெஷனல்', 'ப்ரொவின்ஷியல்', 'லோக்கல்' மூன்றையும் பார்க்கலாம்.

3. எந்தத் துறை என்று பாருங்கள்

அடுக்கு தெரிந்தபின் வேலையின் வகை. அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரை இதை நேராகவே சொல்லிவிடுகிறது. சட்டவாக்க அதிகாரம் 'லெஜிஸ்லேட்டிவ் பவர்', நிறைவேற்று அதிகாரம் 'எக்ஸெக்யூட்டிவ் பவர்', நீதித்துறை அதிகாரம் 'ஜுடிஷியல் பவர்'.

இங்கே வரும் பிழை பெயர்ச்சொல்லைப் பெயரடையாகப் போடுவது. 'லெஜிஸ்லேச்சர்' என்பது சட்டமியற்றும் மன்றம், 'லெஜிஸ்லேட்டிவ்' அதன் பெயரடை. 'ஜுடிஷியரி' நீதித்துறை, 'ஜுடிஷியல்' பெயரடை. 'ஜுடிஷியரி டிசிஷன்' என்று எழுதினால் வாசிப்பவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். 'எக்ஸெக்யூட்டிவ்' மட்டும் இரண்டு வேலையும் செய்யும்.

'எக்ஸெக்யூட்டிவ்', 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' இரண்டையும் பிரித்து வையுங்கள். தமிழில் நாமும் 'நிறைவேற்று', 'நிர்வாக' என்று பிரிக்கிறோம். கொள்கையை முடிவுசெய்து செயற்படுத்தும் அதிகாரம் முதலாவது. அன்றாடக் கோப்பு, இடமாற்றம், லீவு எல்லாம் இரண்டாவது. 'இலங்கை நிர்வாக சேவை' என்பதில் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' வருவது இதனால்தான்.

சட்டம் எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தப் படிக்குள் வரும். 'கொன்ஸ்டிடியூஷனல்' என்றால் அரசியலமைப்பு சார்ந்தது. 'ஸ்டாட்யூட்டரி' என்றால் எழுதப்பட்ட ஒரு சட்டத்தின் கீழ் உருவானது. துறைமுக அதிகார சபை 1979ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது, ஆகவே அது 'ஸ்டாட்யூட்டரி போடி'. திணைக்களங்களுக்கு இந்தச் சொல் ஒட்டாது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: மாகாண சபை நிறைவேற்றுவது 'ஸ்டாட்யூட்', நாடாளுமன்றம் நிறைவேற்றுவது 'அக்ட்', உள்ளூராட்சி மன்றம் ஆக்குவது 'பை-லோ'. மாகாண நியதிச்சட்டத்தைச் சுட்டும்போது 'ப்ரொவின்ஷியல் ஸ்டாட்யூட்' என்று முழுமையாக எழுதினால் குழப்பம் வராது.

4. 'அரச' என்ற ஒரு சொல்லைப் பிரித்தெடுங்கள்

தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இதைவிடப் பெரிய தடை வேறில்லை. நாம் எல்லாவற்றுக்கும் 'அரச' என்று முன்னால் போட்டுவிடுகிறோம். ஆங்கிலம் அதை நான்காகப் பிரிக்கிறது.

அரச காணி, அரச வங்கி, அரச சட்டத்தரணி: இங்கே 'ஸ்டேட்'. நாட்டின் உடைமை அல்லது நாட்டின் சார்பில் நிற்பது என்பதே கருத்து. ஆட்சி மாறினாலும் காணி மாறாது.

அரச பாடசாலை, அரச அலுவலகம், அரசாங்க அதிபர்: இங்கே 'கவர்ன்மென்ட்'. நடத்துவது அரசாங்கம்.

அரச சேவை, அரச சேவை ஆணைக்குழு, அரச விடுமுறை: இங்கே 'பப்ளிக்'. மக்களுக்கானது அல்லது எல்லாருக்கும் பொதுவானது. விடுமுறையில் இது நடைமுறையாகவே தெரியும். 'பப்ளிக்', 'பேங்க்', 'மேர்க்கன்டைல்' என்று நாட்காட்டியில் மூன்று வகை. உங்கள் அலுவலகம் மூடப்படுவதைச் சொல்ல 'கவர்ன்மென்ட் ஹொலிடே' என்று எழுதுவது பேச்சில் பரவாயில்லை, கடிதத்தில் 'பப்ளிக்' என்றே போடுங்கள். ஒரு எச்சரிக்கை: 'பப்ளிக் ஸ்கூல்' என்பது இங்கிலாந்தில் கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலையைக் குறிக்கும். அரச பாடசாலைக்கு அதை எழுத வேண்டாம்.

அரச கரும மொழி: இங்கே 'ஒஃபிஷியல்'. சட்டம் அங்கீகரித்தது என்ற பொருள். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் சிங்களம் 'ஒஃபிஷியல் லேங்குவிஜ்', தமிழும் 'ஒஃபிஷியல் லேங்குவிஜ்', ஆங்கிலம் 'லிங்க் லேங்குவிஜ்'. 19ஆம் உறுப்புரையில் சிங்களமும் தமிழும் 'நெஷனல் லேங்குவிஜஸ்'. பக்கத்துப் பக்கத்து உறுப்புரைகளில் இந்த மூன்று அடைகள். மூன்றின் உரிமைகளும் வேறு. தமிழில் பதில் கேட்டுக் கடிதம் எழுதும் ஒருவர் 'நெஷனல்' என்று மட்டும் எழுதிவிட்டு 'ஒஃபிஷியல்' என்பதை விட்டுவிட்டால், தன் கையில் இருக்கும் வலுவான சொல்லைக் கீழே வைத்துவிடுகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவேனும் நம் பிள்ளைகள் இந்தச் சொற்களைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

5. பெயர்ச்சொல்லா, '-அல்' ஈற்றுப் பெயரடையா?

'கவர்ன்மென்டல்' என்று அகராதியில் இருப்பது உண்மை. ஆனால் நடைமுறையில் 'கவர்ன்மென்ட்' என்ற பெயர்ச்சொல்லே முன்னால் நிற்கும்: 'கவர்ன்மென்ட் ஒஃபிசர்', 'கவர்ன்மென்ட் வெஹிகிள்'. 'கவர்ன்மென்டல்' உறுதியாக நிற்கும் இடம் 'நொன்-கவர்ன்மென்டல் ஓர்கனைசேஷன்', நாம் என்.ஜி.ஓ. என்று சொல்வது. 'இன்டர்கவர்ன்மென்டல்' என்பதும் உண்டு. மற்ற இடங்களில் சந்தேகம் வந்தால் 'கவர்ன்மென்ட்' என்றே எழுதுங்கள், தவறு வராது.

ஆனால் இதை எல்லாச் சொல்லுக்கும் விதியாக்கிவிடாதீர்கள். தேர்தல்களைப் பாருங்கள். ஜனாதிபதித் தேர்தல் 'ப்ரெஸிடென்ஷியல் எலெக்ஷன்', நாடாளுமன்றத் தேர்தல் 'பார்லமென்டரி எலெக்ஷன்'. இரண்டிலும் பெயரடை. மாகாண சபைத் தேர்தல் 'ப்ரொவின்ஷியல் கவுன்சில் எலெக்ஷன்', இதில் சபையின் முழுப்பெயரே அடையாக நிற்கிறது. 'ப்ரெஸிடென்ட் எலெக்ஷன்' என்று எழுதினால் பிழை. தேர்தல் ஆணைக்குழு நம் நாட்டில் 'எலெக்ஷன் கொமிஷன்', பிரித்தானியாவில் அதே வேலைக்கான நிறுவனம் 'எலெக்டோரல் கொமிஷன்'. தேர்தல் மாவட்டமோ இங்கேயும் 'எலெக்டோரல் டிஸ்ட்ரிக்ட்'. விதி தேடி அலைவதைவிட அந்தக் கொப்பியைத் திறப்பது விரைவு.

தேர்தலோடு ஒட்டிய இன்னும் இரண்டு: 'எலெக்டட்' என்றால் தெரிவுசெய்யப்பட்ட, அது ஆளுக்கு. 'எலெக்டிவ்' என்றால் தெரிவின் மூலம் நிரப்பப்படும், அது பதவிக்கு. 'எலெக்டிவ் மெம்பர்' என்று உறுப்பினரை எழுதக் கூடாது.

6. வகையைச் சொல்கிறதா, குணத்தைச் சொல்கிறதா?

மேலே பார்த்த பெயரடைகளில் பெரும்பாலானவை வகை பிரிப்பவை. ஒன்று மாகாணத்துக்கு உரியது, அல்லது உரியதல்ல. கொஞ்சம் மாகாணம், அதிக மாகாணம் என்று கிடையாது. ஆகவே 'வெரி', 'மோர்' போன்றவற்றை முன்னால் போட முடியாது.

போட்டால் என்ன ஆகும்? சில சொற்கள் பொருளையே மாற்றிவிடும். 'ப்ரொவின்ஷியல்' அப்படி ஒன்று. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ப்ரொவின்ஷியல் ஒஃபிஸ்' என்றால் மாகாண அலுவலகம். 'ஹீ இஸ் வெரி ப்ரொவின்ஷியல்' என்றாலோ அவர் வெளியுலகம் தெரியாத, குறுகிய மனம் கொண்டவர் என்று ஆகிவிடும். மாகாண அலுவலர் ஒருவரை அறிமுகப்படுத்தப் போய் அவரை அவமதித்த மாதிரி முடியும். 'ஹீ வேர்க்ஸ் ஃபோர் தி ப்ரொவின்ஷியல் கவுன்சில்' என்று எழுதுங்கள். 'பொலிட்டிக்கல்' என்பதும் அப்படியே. 'பொலிட்டிக்கல் பார்ட்டி' அரசியல் கட்சி. 'தி டிசிஷன் வோஸ் வெரி பொலிட்டிக்கல்' என்றால் கட்சி இலாபம் பார்த்து எடுத்த முடிவு என்ற குற்றச்சாட்டு. 'பியூரோக்ரட்டிக்' பெரும்பாலும் குறையாகவே விழும். அலுவலக நடைமுறையைச் சாதாரணமாகச் சொல்ல 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' போதும்.

இன்னொரு விளைவும் உண்டு. வகைப் பெயரடைகள் வாக்கியத்தின் முடிவில் தனியாக நிற்க விரும்புவதில்லை. 'தி ஒஃபிஸ் இஸ் முனிசிபல்' என்பது தமிழ் மனதுக்கு இயல்பாகத் தோன்றும், ஆங்கிலத்தில் நொண்டும். 'இட் இஸ் எ முனிசிபல் ஒஃபிஸ்' என்று பெயர்ச்சொல்லோடு சேருங்கள்.

7. ஒன்றுபோலத் தெரியும் சோடிகள்

'சிவில்', 'சிவிக்', 'சிவிலியன்' மூன்றும் ஒரே வேரில் இருந்து வந்தவை. 'சிவில்' என்பது அரசு, நீதிமன்ற வழக்கில் வரும்: சிவில் வழக்கு என்றால் குற்றவியல் அல்லாதது, சிவில் சமூகம் என்றால் அரசுக்கு வெளியே உள்ளது. 'சிவிக்' என்பது குடிமகனின் கடமையும் ஊர்ப்பற்றும் சார்ந்தது: 'சிவிக் டியூட்டி'. 'சிவிலியன்' என்பது படையினர் அல்லாதவர். கடற்படைத் தளமும் சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் உள்ள நம் ஊரில் இந்த மூன்றாவது சொல் அடிக்கடி தேவைப்படும். தளத்துக்குள் வேலை செய்யும் சாதாரண ஊழியர் 'சிவிலியன் எம்ப்ளோயி'. அவரைச் 'சிவில் எம்ப்ளோயி' என்று எழுதினால் பொருள் தெளிவில்லை.

'அதோரிட்டேட்டிவ்' என்றால் நம்பத்தகுந்த, ஆதாரமுள்ள. 'அதோரிட்டேரியன்' என்றால் அடக்கி ஆளும் போக்குடைய. அதிகாரபூர்வமான அறிக்கை என்று எழுத வந்தவர்கள் இரண்டாவதைப் போட்டிருப்பதை அலுவலகக் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்கு 'ஒஃபிஷியல் ரிப்போர்ட்' போதும். அதேபோல 'ஒஃபிஷியஸ்' என்பது 'ஒஃபிஷியல்' அல்ல, தேவையில்லாமல் அதிகாரம் காட்டுபவரைக் குறிப்பது. 'ஜுடிஷியஸ்' என்றால் நிதானமாக யோசித்த, அது நீதிமன்றத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. 'பொலிட்டிக்' என்றால் சமயோசிதமான.

பிறகு 'யூனிட்டரி', 'யுனைட்டட்'. முதலாவது ஒற்றையாட்சி, ஓர் அரசமைப்பு வகை. நம் அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை நாட்டை 'யூனிட்டரி ஸ்டேட்' என்கிறது. இரண்டாவது ஒன்றுபட்ட என்ற பொதுப்பொருள். 'ஃபெடரல்' ஆன நாடும் 'யுனைட்டட்' ஆக இருக்கலாம், அமெரிக்காவின் பெயரிலேயே அது இருக்கிறது. மொழிபெயர்ப்பில் இந்த இரண்டும் மாறினால் அரசியல் வாதம் முழுவதும் தலைகீழாகும். இங்கே வேகம் வேண்டாம்.

8. எந்த நாட்டு ஆங்கிலம் என்று கவனியுங்கள்

இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ இந்தியாவிலோ எழுதப்பட்டவை. அங்கே 'ஸ்டேட்' என்றால் மாநிலம். இங்கே 'ஸ்டேட்' என்றால் முழு நாடு. மாகாணத்தைக் குறிக்க 'ஸ்டேட் கவர்ன்மென்ட்' என்று நகலெடுத்துவிட வேண்டாம். 'ஃபெடரல்' அமெரிக்காவில் வாஷிங்டன் அரசைக் குறிக்கும், 'யூனியன்' இந்தியாவில் டெல்லி அரசைக் குறிக்கும். கொழும்புக்கு இரண்டும் பொருந்தாது. ஆளுநருக்கு அமெரிக்கர் பாவிக்கும் 'கூபர்னடோரியல்' என்ற சொல்லும் இங்கே வழக்கில் இல்லை. 'கவர்னர்ஸ் ஒஃபிஸ்' என்று உடைமை வடிவத்தில் எழுதுவதே நம் முறை.

9. ஒழுங்கும் இடமும்

பல பெயரடைகள் சேரும்போது அடுக்கு முன்னால், துறை பின்னால். 'ப்ரொவின்ஷியல் பப்ளிக் சேர்விஸ் கொமிஷன்' நல்ல மாதிரி: மாகாணம், பிறகு அரச சேவை, பிறகு ஆணைக்குழு. தமிழில் மாகாண அரச சேவை ஆணைக்குழு என்று அதே வரிசையில் வருவதால் இதில் நமக்குக் கஷ்டம் குறைவு. 'நியூ', 'ஓல்ட்' போன்றவை எல்லாவற்றுக்கும் முன்னால் போகும். இந்த அடைகளுக்கு இடையே காற்புள்ளி போடாதீர்கள். ஒன்று மற்றதற்குள் அடங்குகிறது, சமமாக நிற்கவில்லை.

சில பதவிப் பெயர்களில் பெயரடை பின்னால் நிற்கும்: 'அட்டோர்னி ஜெனரல்', 'ஓடிட்டர் ஜெனரல்'. பன்மை வரும்போது 'எஸ்' முதற்சொல்லில் சேரும், 'அட்டோர்னீஸ் ஜெனரல்'. அதிவிசேட வர்த்தமானியும் 'கஸெட் எக்ஸ்ட்ராஓர்டினரி' என்று அப்படியே வருவதைக் காணலாம்.

பதவியின் நிலையைச் சொல்லும் அடைகள் பெயருக்கு முன்னால்: பதில் கடமையில் இருப்பவர் 'அக்டிங்', மேலதிக மாவட்டச் செயலாளர் 'அடிஷனல்', முன்னாள் 'ஃபோர்மர்'. 'லேட்' காலமானவருக்கு மட்டும். ஓய்வு பெற்றவரைப் பற்றி 'தி லேட் சேர்மன்' என்று கடிதம் போனால் அந்தக் குடும்பத்தினர் வாசிக்கும்போது எப்படி இருக்கும் என்று ஒருகணம் நினைத்துப் பாருங்கள். இந்தப் பிழையை மட்டும் இரண்டு தடவை சரிபாருங்கள்.

10. சிறிய ஒட்டுகள்

'அன்-' என்ற முன்னொட்டு தீர்ப்புச் சொல்லும், 'நொன்-' வகையை மட்டும் பிரிக்கும். 'அன்கொன்ஸ்டிடியூஷனல்' என்றால் அரசியலமைப்புக்கு முரண், அது குற்றச்சாட்டு. 'நொன்-பொலிட்டிக்கல்' என்றால் அரசியல் அல்லாதது, அவ்வளவுதான். 'அன்ஒஃபிஷியல்' விதிவிலக்கு போல நிற்கும். சமாதான நீதவான்களின் பட்டத்தில் வரும் 'அன்ஒஃபிஷியல் மஜிஸ்ட்ரேட்' குறையைச் சொல்லவில்லை, உத்தியோகப்பற்றற்ற என்பதே கருத்து.

'எ', 'அன்' ஒலியைப் பார்த்துப் போடுவது. 'யூனிட்டரி' யகர ஒலியில் தொடங்குவதால் 'எ யூனிட்டரி ஸ்டேட்'. 'அர்பன்' உயிரொலி, ஆகவே 'அன் அர்பன் கவுன்சில்'. அதையே சுருக்கி 'யு.சி.' என்றால் மறுபடி 'எ யு.சி.'.

வினையடையாக்கும்போது 'பியூரோக்ரட்டிக்' போல '-இக்' என்று முடியும் சொற்களில் பொதுவாக '-அலி' சேரும், 'பப்ளிக்' விதிவிலக்கு, 'பப்ளிக்லி'. அதன் நடுவில் '-அல்' நுழைக்கக் கூடாது.

11. ஒரு கடிதத்தில் செய்து பார்ப்போம்

மூதூர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் சனசமூக நிலையம் வீதி விளக்குக் கேட்டுக் கடிதம் எழுதுகிறது என்று வைப்போம். முதல் வரைவு இப்படி வரும்: 'டு தி ரீஜனல் கவுன்சில். அவர் கவர்ன்மென்டல் ரோட் இஸ் வெரி லோக்கல். தி லேட் சேர்மன் ப்ரொமிஸ்ட் லைட்ஸ்.'

அடுக்கு முதலில். ஊருக்குள் உள்ள ஒழுங்கைக்கு விளக்குப் போடுவது உள்ளூராட்சி மன்றம். மூதூரில் அது பிரதேச சபை, ஆகவே முகவரியில் 'பிரதேஷிய சபா'. 'கவர்ன்மென்டல் ரோட்' போக வேண்டும். வீதியின் பெயரைச் சொல்லி, அது ஏ-15 தேசிய வீதியில் இருந்து பிரியும் உள் ஒழுங்கை என்று எழுதினால் எந்த அதிகாரத்துக்குள் வருகிறது என்பது வாசிப்பவருக்கு உடனே விளங்கும். 'வெரி லோக்கல்' வகைப் பெயரடையைக் குணமாக்கிய பிழை. சொல்ல வந்தது 'இட் இஸ் எ லோக்கல் அதோரிட்டி ரோட்'. முன்னாள் தவிசாளர் உயிரோடு இருந்தால் 'ஃபோர்மர்'.

திருத்தியபின்: 'டு தி சேர்மன், பிரதேஷிய சபா, மூதூர். அவர் லேன் இஸ் எ லோக்கல் அதோரிட்டி ரோட் லீடிங் ஃப்ரொம் தி ஏ-15 நெஷனல் ரோட். தி ஃபோர்மர் சேர்மன் ப்ரொமிஸ்ட் லைட்ஸ்.'

கீழே பிரதி போகும் இடங்களை எழுதும்போதும் இதே ஒழுங்குதான். மாகாணத்தின் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்குப் பிரதி போட்டால் அது மேற்பார்வை அடுக்குக்குப் போகும், அவர் பதவியில் வருவது 'லோக்கல் கவர்ன்மென்ட்'. பிரதேச செயலாளருக்கும் ஒன்று அனுப்ப விரும்பினால் 'டிவிஷனல் செக்ரட்டரி' என்று தனி வரியில் எழுதுங்கள், சபையின் வரியோடு சேர்க்க வேண்டாம்.